பழவேற்காட்டுக்கு வந்த பதினாறு ஜிபி

சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஏதோ ஒரு கம்பெனி பயன்படுத்தித் தள்ளிவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 3040 பெட்டி ஒன்று இன்று எங்கள் ஊரில் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது! பிராசஸர் மாற்றவில்லை, போர்டு மாற்றவில்லை, பவர் சப்ளையைத் தொடக்கூட இல்லை. இரண்டு ரேம் போட்டேன். ஒவ்வொன்றும் 8 ஜிபி. அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டில், "மீன் குழம்பு ஆறுது, ரேம் கதையை அப்புறம் சொல்லு" என்று அதட்டும் அளவுக்குப் போய்விட்டது.

என் கடை பழவேற்காட்டு பஜாரில் இருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால், நிவாரணத்துக்காக ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு லைட் ஹவுஸ் குப்பத்திலிருந்தும் கோட்டைக்குப்பத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று, கல்லூரிச் சேர்க்கை. பனிக்காலத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்கள் பெரிய கேமராவை நீட்டி, "இதை மட்டும் பெருசா ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்பார்கள். இத்தனைக்கும் இருந்தது இந்த ஒரு பெட்டி. உள்ளே இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5-6500 பிராசஸர். நல்ல பிராசஸர். ஆனால் அதோடு வந்தது ஒரே ஒரு 4 ஜிபி ரேம்.

நான்கு ஜிபியில் விண்டோஸ் 10 ஓடும்போது என்ன ஆகும்? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கண்ணாடி போலத் தெரியும். குரோமில் அரசாங்க போர்ட்டல் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஓடிபிக்காக ஒரு டேப், ஸ்கேன் செய்த பிடிஎஃப், போட்டோஷாப். மெமரி 95 சதவீதத்தைத் தொட்டு நிற்கும். அதற்கு மேல் இடமில்லாமல் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும், கேட்டால் எடுத்து வரும், மறுபடி வைக்கும். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட, திரை உறைந்து நிற்கும். அதற்குள் போர்ட்டல் 'செஷன் முடிந்தது' என்று வெளியே தள்ளிவிடும். ஓடிபி காலாவதி. விடியற்காலையில் கடலிலிருந்து திரும்பி, தூங்காமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் மனிதரிடம், "அண்ணே, இன்னொரு தடவை ஓடிபி சொல்லுங்க" என்று கேட்பதைவிடச் சங்கடம் வேறு இல்லை.

ரேம் ஏற்ற வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. எந்த ரேம் என்பதில்தான் இருக்கிறது மொத்த சுவாரசியமும்!

ஆறாம் தலைமுறை இன்டெல் என்றதும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 'டிடிஆர்4' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். 2015-இல் வந்த அந்தப் பிராசஸர்கள்தான் சாதாரண டெஸ்க்டாப்புக்கு டிடிஆர்4-ஐக் கொண்டுவந்தவை என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் மெமரி கன்ட்ரோலருக்கு இரண்டு வகையும் தெரியும்: 1.2 வோல்ட் டிடிஆர்4, 1.35 வோல்ட் டிடிஆர்3எல். இரண்டில் எதற்கு ஸ்லாட் வைப்பது என்பது போர்டு செய்கிறவர் விருப்பம். டெல் என்ன செய்தது தெரியுமா? அதே வருஷத்து ஆப்டிபிளெக்ஸ் வரிசையில் 7040-க்கு டிடிஆர்4 வைத்தது. 3040-க்கும் 5040-க்கும் டிடிஆர்3எல் வைத்தது. வெளியே பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி. உள்ளே ரேம் வேறு. பிராசஸர் பெயரை மட்டும் சொல்லி ரேம் வாங்கியிருந்தால் டிடிஆர்4-தான் கைக்கு வந்திருக்கும். அதில் 288 பின். என் ஸ்லாட்டில் 240. உள்ளேயே போகாது.

உள்ளே போகாத ரேம்கூடப் பரவாயில்லை, கடையில் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே போய் உட்கார்ந்துவிடும் தப்பான ரேம்தான் ஆபத்து. சாதாரண டிடிஆர்3-க்கும் 240 பின், டிடிஆர்3எல்-க்கும் 240 பின். நடுவில் இருக்கும் வெட்டும் ஒரே இடத்தில்தான். சாதாரண டிடிஆர்3 கேட்பது 1.5 வோல்ட். அது ஜம்மென்று ஸ்லாட்டில் இறங்கும். சில போர்டுகளில் ஓடவும் செய்யும். ஆனால் ஆறாம் தலைமுறைப் பிராசஸருக்கு இன்டெல் எழுதி வைத்திருக்கும் அளவு 1.35 வோல்ட்தான். அதற்கு மேல் நெடுநாள் கொடுத்தால் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கே கேடு வரலாம். தலைகீழாக, டிடிஆர்3எல் ரேமைப் பழைய 1.5 வோல்ட் போர்டில் தைரியமாகப் போடலாம். அது இரண்டு அழுத்தத்துக்கும் தாங்கும்படி செய்யப்பட்டது. ஓர் எழுத்து 'எல்'. அதற்குள் இவ்வளவு விஷயம்!

எங்கள் ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. இறாலுக்கு சுத்து வலை கட்டும் இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். எந்தப் பாட்டில் யார், எந்த நாளில், என்ன வலை என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானம். படகும் வலையும் கையில் இருக்கிறது என்பதற்காக யாரும் போய்க் கட்டிவிட முடியாது. மதர்போர்டும் அப்படித்தான் தன் ஸ்லாட்டில் யார் உட்காரலாம் என்று வந்த நாளிலேயே முடிவு செய்து வைத்திருக்கிறது. தலைமுறை, வோல்ட், ஒரு ஸ்லாட்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. என் 3040-க்கு அந்தத் தீர்மானம் இது: இரண்டு ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16, டிடிஆர்3எல், 1600 வேகம். டெல் தளத்தில் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. பெட்டியின் பின்னால் இருக்கும் சர்வீஸ் டேக் எண்ணைத் தட்டினால் அந்தப் பெட்டி பிறந்தபோது என்னென்ன இருந்தது என்று ஜாதகமே வரும்.

இப்போது ரேமின் லேபிளுக்கு வருகிறேன். ஐயா, அந்தச் சின்ன வெள்ளைத் தாளைப் போல அழகான எழுத்து உலகத்தில் கிடையாது! பழைய ரேமைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். '8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800யு' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். பெரும்பாலானவர்கள் 8 ஜிபியை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவார்கள். மிச்சத்தில்தான் எல்லாமே.

பிசி3 என்றால் டிடிஆர்3. பக்கத்தில் எல் இருந்தால் 1.35 வோல்ட். 12800 என்பது ஒரு நொடியில் எத்தனை மெகாபைட் கொண்டுபோக முடியும் என்பது. அதை எட்டால் வகுத்தால் 1600 வரும். அதுதான் நாம் கடையில் கேட்கும் வேகம். ஒரு தடவைக்கு 64 பிட், அதாவது 8 பைட் போவதால்தான் அந்த எட்டு. 10600 என்று இருந்தால் 1333. கடைசியில் இருக்கும் யு எழுத்து, இது சாதாரண டெஸ்க்டாப் ரேம் என்கிறது. எஸ் என்றால் லேப்டாப்புக்கான குட்டை ரேம். ஆர் என்றால் சர்வர் ரேம், கிட்டேயே போகாதீர்கள். 2ஆர்எக்ஸ்8 என்பதில் 2ஆர் என்றால் சிப்புகள் இரண்டு வரிசை. எக்ஸ்8 என்றால் ஒவ்வொரு சிப்பும் எட்டு பிட் தருகிறது. 64-ஐ எட்டால் வகுத்தால் வரிசைக்கு எட்டு சிப்; இரண்டு வரிசைக்குப் பதினாறு. ரேமைத் திருப்பிப் பார்த்து முன்னால் எட்டு, பின்னால் எட்டு என்று எண்ணியபோது, லேபிளில் போட்டிருந்த கணக்கு அப்படியே கண்முன் நின்றது. நான் துள்ளாத குறைதான்.

அந்த எண்ணிக்கைக்கு வேறொரு பயனும் உண்டு. ஐ3, ஐ5 இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிராசஸர்கள், அதாவது நம் ஊர்களில் இன்னும் ஏராளமாக ஓடும் எச்61, எச்81 போர்டுகள், ஒரு சிப்புக்கு 4 கிகாபிட் வரைதான் படிக்கும். 8 ஜிபி ரேமில் பதினாறு சிப் இருந்தால் ஒவ்வொன்றும் 4 கிகாபிட், சரி. எட்டே சிப்பில் 8 ஜிபியை அடக்கியிருந்தால் ஒவ்வொன்றும் 8 கிகாபிட். அந்தப் போர்டுகளுக்கு அது புரியாது. விலை ஒன்று, கொள்ளளவு ஒன்று, வேகமும் ஒன்று. ஒன்று ஓடும், ஒன்று ஓடாது. எச்61, எச்81 வைத்திருக்கிறவர்கள் விரல் விட்டு எண்ணியே வாங்குங்கள்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் இதில் மாட்டினான். ஆன்லைனில் எங்கோ பாதி விலைக்கு 8 ஜிபி டிடிஆர்3 கிடைக்கிறது என்று வாங்கிவிட்டான். மாட்டினால் திரையே வரவில்லை. "அண்ணா, போர்டு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்று முகம் வாடி வந்தான். ரேமை வாங்கிப் பார்த்தேன். விளம்பரத்தின் கீழே பொடி எழுத்தில் 'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்று இருந்திருக்கிறது. அந்த வகை மலிவு ரேம்களில் சிப்புகளை அடுக்கியிருக்கும் விதமே வேறு; பழைய ஏஎம்டி கன்ட்ரோலர்கள் மட்டும் அதைப் படிக்கும், இன்டெல் படிக்காது. பழைய ரேமைத் திரும்பப் போட்டதும் அவன் பெட்டி பீப் அடித்து எழுந்துகொண்டது. விற்றவர் பணத்தைத் திருப்பவில்லை. அந்த ரேமுக்குப் பொருத்தமான பழைய ஏஎம்டி பெட்டி யாரிடமாவது கிடைக்குமா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

சர்வர் ரேம் கதையும் அதேதான். டேட்டா சென்டர்களில் கழித்த ரேம்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருகின்றன. 16 ஜிபி, கண்ணைப் பறிக்கும் விலை. டிடிஆர்3-இலும் டிடிஆர்4-இலும் அவற்றின் பின்னும் வெட்டும் சாதாரண ரேம் போலவே இருப்பதால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஆனால் வீட்டுப் போர்டு அதோடு பேசாது. லேபிளில் ஆர் எழுத்து, ரேமின் நடுவில் கூடுதலாக ஒரு சிப். இந்த இரண்டையும் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட் போனதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. காலை பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் சென்ட்ரல், மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் மவுண்ட் ரோடு ஓரத்தில் அந்த சொர்க்கம்! டெல்லி நேரு பிளேசுக்கு அடுத்தபடி எலக்ட்ரானிக் சாமானுக்குப் பெரிய சந்தை இதுதான் என்பார்கள். எனக்கு நேரு பிளேஸ் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. நரசிங்கபுரம் தெரு முனையில் நின்றால் ஒரு பக்கம் சால்டரிங் வாசனை, ஒரு பக்கம் டீ வாசனை. கழித்த ஆப்டிபிளெக்சும் திங்க்சென்டரும் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ரேம்கள் நெத்திலிக் கருவாடு மாதிரி வரிசையாகப் படுத்துக் கிடக்கும்.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "எந்தப் போர்டு ப்ரோ?" என்பதுதான். அவரைப் பிடித்துப்போய்விட்டது எனக்கு. எத்தனை ஜிபி வேண்டும் என்று ஆரம்பிக்கிற கடை வேண்டாம். போர்டு பெயரைக் கேட்கிற கடையில் நில்லுங்கள். "3040, டிடிஆர்3எல், எட்டு எட்டா ரெண்டு, யு டைப், பதினாறு சிப்" என்றேன். ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் எஸ்கே ஹைனிக்ஸ் ரேம் இரண்டை எடுத்து வந்தார். ஒரே பார்ட் நம்பர், ஒரே பெட்டியிலிருந்து கழற்றிய ஜோடி. "டெஸ்ட் பண்ணித் தரேன்" என்று அங்கேயே ஒரு போர்டில் போட்டு மெம்டெஸ்ட் ஓடவிட்டார். டவரா, குட்டைப் பெட்டியா என்றும் கேட்டார். 3040-இலேயே மைக்ரோ என்கிற கையடக்க மாடலுக்கு லேப்டாப் ரேம்தான் போகும் என்பதால் அந்தக் கேள்வி. தொழில் தெரிந்த மனுஷன்.

4 ஜிபி ஏற்கெனவே இருக்கிறதே, ஒரே ஒரு 8 வாங்கி 12 ஆக்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம், ஓடும். இன்டெல் போர்டு அந்த 12-இல் முதல் 4+4-ஐ இரட்டைச் சேனலாகவும் மிச்சம் 4-ஐ ஒற்றைச் சேனலாகவும் ஓட்டும். ஆனால் இரண்டும் ஒரே அளவானால் மொத்தமும் இரட்டைச் சேனல். போகும் வழி 64 பிட்டிலிருந்து 128 ஆகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டிக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இந்த ரேமில்தான் பங்கு வாங்கிக்கொள்கிறது. போட்டோஷாப்பில் பூநாரைக் கூட்டத்தை நகர்த்தும்போது அந்த வித்தியாசம் விரலிலேயே தெரிகிறது. எனக்கு ஜோடிதான் ஜோடி.

ரேம் மாட்டுகிற வேலை எளிதுதான், ஆனால் நம் ஊர்க் காற்றுக்கு ஒரு தனிப் பாடம் உண்டு. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். கேபினட் ஸ்குரூ மழை முடிவதற்குள் துருப்பிடித்துவிடும். ரேமின் விளிம்பில் இருக்கும் தங்கப் பூச்சுக்குத் துரு கிடையாது. ஆனால் உப்பு ஈரமும் தூசியும் படலமாகப் படிந்து தொடர்பைக் கெடுக்கும். 'ரேம் போய்விட்டது' என்று என்னிடம் வருகிறவற்றில் பலவும் உண்மையில் போகவில்லை, அழுக்கு. பவர் வயரை உருவிவிட்டு, கேபினட் இரும்பைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். ஈரக் காற்றில் ஸ்டேட்டிக் குறைவுதான், அதற்காகப் பழக்கத்தை விட வேண்டாம். மென்மையான வெள்ளை ரப்பரால் தங்கப் பின்களை லேசாக ஒரே திசையில் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் மாட்டுங்கள். வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து நேராக நிறுத்தி, இரண்டு முனையிலும் கட்டை விரலால் அழுத்தினால் கிளிப் தானாக எழுந்து 'டக்' என்று பிடிக்கும்.

ஆஹா, அந்த 'டக்'!

முதல் தடவை பவர் பட்டனை அழுத்தியதும் உடனே திரை வராவிட்டால் பயப்பட வேண்டாம். புது ரேமைப் பார்த்ததும் போர்டு கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். உண்மையிலேயே பிடிக்காவிட்டால் டெல் பெட்டியின் பவர் பட்டன் மஞ்சளில் கணக்கு வைத்துச் சிமிட்டும். அந்தக் கணக்கைக் கையேட்டில் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரியும். எனக்கு அந்த வேலையே வரவில்லை. விண்டோஸ் எழுந்தது. டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி, வேகம் 1600, இரண்டு ஸ்லாட்டில் இரண்டும் நிரம்பியது. வேண்டுமென்றே பழைய கூட்டத்தையெல்லாம் ஒரே நேரத்தில் திறந்து வைத்தேன். போர்ட்டல், ஓடிபி டேப், பிடிஎஃப், போட்டோஷாப், போதாதென்று கடல் அலை உயரம் பார்க்கும் இன்காய்ஸ் தளம். மெமரி பாதியைக்கூடத் தொடவில்லை. ஹார்ட் டிஸ்க் கப்சிப்! விண்ணப்பத்துக்கு வந்திருந்த கோட்டைக்குப்பத்து அண்ணன் ஓடிபியைச் சொல்லி வாயை மூடுவதற்குள் ரசீது பிரிண்டரில் வந்துவிட்டது. "இன்னா தம்பி, புது கம்ப்யூட்டரா?" என்றார். பெட்டியைத் தட்டிக் காட்டிச் சிரித்தேன்.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ரேம் 8 ஜிபிக்கு மேல் இருந்தும் உங்கள் பெட்டி மந்தமாக இருந்தால், ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் மருந்து; ரேம் அல்ல. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் எத்தனை போட்டாலும் அது கண்டுகொள்ளாது, முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. ஆறாம் தலைமுறைக்கு அதிகாரபூர்வமாக விண்டோஸ் 11 கிடையாது. என் அடுத்த வேலை இதே பெட்டியில் லினக்ஸ் ஏற்றுவது. 16 ஜிபி இருக்கும்போது எனக்கென்ன கவலை?

அரசு கொடுத்த லேப்டாப்புகளைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரன் சொல்லாமல் இருக்க முடியாது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே நம் திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில்தான். எங்கள் குப்பங்களில் எத்தனையோ வீட்டுப் பரணில் அந்த லேப்டாப் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் வந்தவற்றில் 2 ஜிபி டிடிஆர்3. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் சி-டாக்கின் பாஸ் லினக்சும் சேர்ந்து இருக்கும். அதில் 204 பின் குட்டை ரேம் ஒன்று கூடுதலாகப் போடலாம் என்று ஆசை வரும். ஆனால் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த வரம்பே 2 ஜிபி! ரேம் பொருந்தும், போர்டும் ஏற்கும், விண்டோஸ் மட்டும் பாராமுகமாக இருக்கும். லினக்ஸ் பக்கம் போனால் முழுதும் கிடைக்கும். ஓர் அக்கா தன் மகளுக்காக அப்படி ஒன்றை எடுத்து வந்தார். ரேம் ஏற்றி லேசான லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பெண் இப்போது அதில்தான் கல்லூரி அசைன்மென்ட் அடிக்கிறாள்.

புதிதாகப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு அவசரமாக நாலு வார்த்தை. டிடிஆர்5-க்கும் 288 பின்தான், ஆனால் வெட்டு வேறிடத்தில். டிடிஆர்4 ஸ்லாட்டில் திணிக்காதீர்கள். ஏஎம்டி ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5, அதில் குழப்பமே இல்லை. இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரைதான் வில்லங்கம்: ஒரே சிப்செட்டில் இரண்டு வகைப் போர்டும் உண்டு, பெயரின் கடைசியில் இருக்கும் டி4 போன்ற குறியைப் பார்த்தே வாங்க வேண்டும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை பயாசில் இயக்கினால்தான் வரும். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் போடும்போது பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டு கம்பெனி தளத்தில் 'கியூவிஎல்' என்று, அவர்களே போட்டுப் பார்த்த ரேம்களின் பட்டியல் இருக்கும். அதில் இருந்தால் நிம்மதி, இல்லாவிட்டால் ஓடாது என்று அர்த்தமில்லை.

விலைதான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்காக சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் தங்கள் சிப்புகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டதால் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. கிரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. புதுப் பெட்டி கட்டுகிறவர்களைக் கேட்டால் அழுகிறார்கள். இந்த நேரத்தில் பழைய டிடிஆர்3எல் ஜோடி ஒன்று நல்ல போர்டில் போய் உட்கார்வது எத்தனை பெரிய காரியம் என்பது கடை நடத்துகிறவனுக்குத்தான் தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடும் முன் மூடியைத் திறந்து ரேமை மட்டும் கழற்றி, ஒரு தாளில் சுற்றி வையுங்கள். லேபிளில் பிசி3எல், 12800, யு என்று இருந்தால் இங்கே எங்கள் குப்பங்களில் அதற்குக் காத்திருக்கும் போர்டுகள் நிறைய இருக்கின்றன. பழவேற்காடு பக்கம் பூநாரை பார்க்க வரும்போது கொண்டுவந்து கொடுங்கள். உங்கள் போட்டோவுக்குப் பெரிய பிரிண்ட் என் செலவு.